வலமிருந்து இடமாக

காலில் படவே இல்லை. சுண்ணாம்புக் கட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்காரும்போது முப்பிடாதி அதைத்தான் சொல்லிக்கொண்டாள், உட்கார்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டாள். வள்ளியூர்க்காரி கபடி பாடி வந்தது உண்மை. மலரும் தானும் கை கோத்து மூலையில் நின்றபோது அந்த நெட்டைக் கால் தரையோடு தரையாக வீசி வந்ததும், இரண்டு பேரும் கோத்த கையோடு பின்னால் துள்ளியதும் உண்மை. புழுதி எழுந்து அடங்கியது. யாரோ ஒருத்தி காலில் ஏதோ பட்டிருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவள் அத்தனை தெனாவெட்டாகக் கையை உயர்த்திக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓடியிருக்க மாட்டாள். ஆனால் அது மலருடைய கால். அம்பயர் விசில் ஊதி விரலை நீட்டினார், நீட்டிய விரல் முப்பிடாதியின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது, அதற்குமேல் பேச வாய் கிடையாது. கோத்த கையை யார் முதலில் விட்டது என்று யோசித்துப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. வெளியே நடக்கும்போது திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. மலர் இவளைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தாள். முகத்தைக் காட்டாமல் குனிந்து, கால் பெருவிரல் பக்கம் என்னத்தையோ தடவிக்கொண்டிருந்தாள். முக்கூடலில் இவர்கள் ஆடுகிற களத்தில் அம்பயர் கிம்பயர் எல்லாம் கிடையாது. பட்டவள் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும், அருள்தாஸ் சார் வைத்திருக்கும் ஒரே சட்டம் அது. சடை நுனியில் பட்டால்கூடக் கையைத் தூக்குகிறவள் மலர். யாரும் பார்க்காதபோதும் தூக்குவாள், எதிரணிக்காரிகளே சிரிக்கும்படி தூக்குவாள். அந்தக் கைக்கு இன்றைக்கு என்ன வந்தது? குனிந்தாள், நிமிர்ந்தாள், இடுப்பில் டிராயரைச் சரிசெய்தாள், பாட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கை தொங்கியபடியேதான் இருந்தது.

இப்போது உள்ளே மலர் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் கோட்டுக்குப் பின்னால் கட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி, யார் முதலில் அவுட்டோ அவள் முதலில். கபடியில் இது ஒரு விசித்திரம், செத்தவர்களும் வரிசையாக உட்கார்ந்து உயிர் வருவதற்குக் காத்திருப்பார்கள். உள்ளே இருப்பவள் எதிராளி ஒருத்தியை அவுட்டாக்கினால் வரிசையின் தலையில் இருப்பவள் எழுந்து உள்ளே போகலாம். முப்பிடாதி வரிசையின் வால். மலர் ஒன்றிரண்டு பேரை எழுப்பினாலும் இவள் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான், முதல் பாதி அதற்குள் முடிந்துவிடும். இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் கடைசி ஆளும் அவுட்டாகிவிட்டால் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதல் பாயிண்ட் போகும், ஆனால் வெளியே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். சட்டப் புத்தகத்தில் இருக்கிற சாதாரண விஷயம். எத்தனையோ தடவை இப்படி உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறாள், அதில் யோசிக்க ஒன்றுமே இருந்ததில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் மனசு போய் மாட்டிக்கொண்டது. மலர் அவுட்டானால் நான் உள்ளே. மலர் நின்றால் நான் வெளியே. நான் நினைக்கவில்லை, சட்டம் அப்படி, என்று உடனே சொல்லிக்கொண்டாள். சட்டத்தை நினைத்துப் பார்ப்பது ஒரு குற்றமா?

சாமியானாவுக்குக் கீழே, பல ஊர்ப் பிள்ளைகளையும் கலந்து ஆடவிட்டு ஜில்லா அணிக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர்கள் மூன்று பேர். அதில் ஒரு அம்மா, சாமியானா நிழலிலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். குடை அசையும்போதெல்லாம் முப்பிடாதியின் கண் அங்கே போனது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அருள்தாஸ் சார் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டு நிறுத்தினார். சார் எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ரைட் கார்னருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. லெஃப்ட் கார்னர் ஒண்ணுதான் காலி. நீங்க ரெண்டு பேரும் அதத்தான் ஆடுதீங்க. மொத பாதி மலர் கார்னர் நிக்கட்டும், நீ பக்கத்துல நில்லு. அடுத்த பாதி மாத்திக்கோங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா." ஒருத்தி ஜில்லா அணிக்குப் போவாள், அங்கிருந்து மாநில முகாம், முகாமுக்குப் போனவர்களைச் சென்னைக் கல்லூரிகள் விடுதியோடு சேர்த்துக்கொள்ளும். இன்னொருத்தி முக்கூடலுக்குத் திரும்பி வருவாள். முக்கூடலில் என்ன இருக்கிறது என்று முப்பிடாதிக்கு நன்றாகத் தெரியும். அம்மா பீடி சுற்றுகிற சொளகு இருக்கிறது, சொளகில் வெட்டிய இலையும் தூளும் இருக்கிறது, பக்கத்தில் சுவரில் சாத்தி இன்னொரு சொளகும் இருக்கிறது, பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாலேயே அம்மா புதிதாக வாங்கி வைத்தது. இன்று காலை வாசலில் குனிந்து கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டபோதும் அம்மா அதைத்தான் சொன்னாள். "வெரலப் பாத்து ஆடுட்டி. வெரல் ஒடிஞ்சா எல சுத்த முடியாது." கண்ணேறு படக்கூடாது என்று கட்டுகிற கயிறு. மகள் ஜெயிக்க வேண்டும் என்று கட்டினாளா, விரல் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கட்டினாளா? மலருக்கும் அதே தெரு, அதே சொளகு. அவள் அம்மா கயிறு கட்டமாட்டாள், நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள்.

மலர் பாடப் போனாள். ஏழு பேர் நிற்கிற களத்தில் ஒருத்தி தனியாகப் போய் என்ன செய்துவிட முடியும், கோட்டைத் தொட்டுவிட்டு மூச்சோடு திரும்பி வந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வள்ளியூர்க்காரி வந்தாள். மலர் பின்கோட்டை ஒட்டி ஓடி ஓடி ஒதுங்கினாள், வந்தவளும் வெறுங்கையோடு திரும்பினாள். 'தண்ணீரில் நண்பன் இல்லை, பக்கத்து லேன்தான் இருக்கிறது.' ஒரு படக்கதையில் கறுப்புக் கண்ணாடி போட்ட கோச் சொல்கிற வசனம், நேரம் காலம் இல்லாமல் முப்பிடாதியின் தலைக்குள் வந்து நின்றது. ஜப்பான்காரனுடைய கதை. 'எட்டாவது லேன்' என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் அதில் இருக்கும் எழுத்தையெல்லாம் அழித்துவிட்டுத் தமிழ் எழுத்து போட்டு டெலிகிராமில் விட்டிருந்தான். ஒரு பக்கத்தில் பாடப்புத்தகத் தமிழ் வரும், அடுத்த பக்கத்தில் மெட்ராஸ் தமிழ் வரும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஒரு தீவு, அதில் ஒரு நீச்சல் குளம், எட்டு லேன், எட்டுப் பையன்கள். வாரக் கடைசியில் ஒரு பந்தயம். கடைசியாக வருகிறவனுடைய லேன் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போக வேண்டும். யாரும் வழியனுப்ப வரக்கூடாது. இதுதான் கதை. இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் முப்பிடாதியால் பதில் சொல்ல முடியாது. ஆனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலருடைய போனில் அதைப் படிக்கும்போது உடம்பு சுடும். கெய்தா என்கிற பையன் பக்கத்து லேன்காரனைத் திரும்பிப் பார்ப்பான், அந்தக் கட்டத்தில் அவன் கண்ணில் கருவிழியே இருக்காது, வெள்ளையாக விட்டிருப்பார்கள். அந்த வெள்ளையைப் பார்த்தால் அவளுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விடும்.

நிம்மதிதான். வேறு சொல் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்றால் ஹெச்.எம். மைக்கைப் பிடித்து வெற்றி தோல்வி முக்கியமில்லை, கலந்துகொள்வதே பெருமை என்பார், அப்புறம் ஜெயித்தவளைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார். வீட்டில் விட்டுக்கொடு. தம்பிக்கு முட்டையை விட்டுக்கொடு, மாமா மகளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடு, பொம்பளப் பிள்ளை என்றால் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். விட்டு, அப்புறம் கொடு. முதலில் பிடியை விட வேண்டும், பிறகு அதை நாமே எடுத்துக் கையில் கொடுக்கவும் வேண்டும், அதற்குமேல் சிரிக்கவும் வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது, எனக்கு வேண்டும், உனக்குக் கிடைக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லோரும் அதைத்தான் மனசுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தனக்குள் மட்டும்தான் அது இருக்கிறதோ என்று பயமாகவும் இருக்கும். அந்தத் தீவில் அதைச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். உன்னை விழுங்கினால்தான் நான் வளர்வேன் என்று ஒருவன் இன்னொருவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான், கேட்டவன் சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறான். யாரும் அழுவதில்லை. யாரும் யாரையும் கெட்டவன் என்று சொல்வதில்லை. அந்த இடத்தில் வாழ்ந்தால் எவ்வளவு இலேசாக இருக்கும் என்று முப்பிடாதி எத்தனையோ மத்தியானம் ஏங்கியிருக்கிறாள். முப்பிடாதி என்று ஒரு அம்மன் பெயரை வைத்துக்கொண்டு, முப்பி முப்பி என்று எல்லோரும் நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட, அவள் மனசுக்குள் வெள்ளைக் கண்ணோடு நடந்து திரிந்தாள்.

முதலில் அவள் அந்தக் கதையைத் தப்பாகத்தான் படித்தாள். இப்போது நினைத்தாலும் வெட்கம். மலர் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. முப்பிடாதி எல்லோரையும்போல இடது பக்கத்திலிருந்து படித்தாள். பதில் முதலில் வந்தது, கேள்வி பின்னால் வந்தது. ஒருவன் விழுந்தான், அப்புறம் வழுக்கினான். ஜப்பான்காரன் கதை அப்படித்தான் தலைகால் புரியாமல் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு பக்கம், பேச்சே கிடையாது, படம் மட்டும். ஒரு கட்டத்தில் கெய்தா தனியாக முன்னால் போகிறான். அடுத்ததில் தலையைத் திருப்பிப் பார்க்கிறான். மூன்றாவது கட்டத்தில், தசை பிடித்துத் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் சிநேகிதன் மினோருவின் கை அவன் கையில் இருக்கிறது. போய்க்கொண்டிருந்தவன் திரும்பி வந்து பிடித்துவிட்டான். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு முப்பிடாதி தேம்பித் தேம்பி அழுதாள், மறுநாள் மலரிடம் சொல்லும்போதும் அழுதாள். மலர் முதலில் முழித்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, கூறுகெட்டவளே, அத வலது பக்கத்துலருந்துல்லா படிக்கணும்." திருப்பிப் படித்தாள். கை கையில் இருந்தது. கெய்தா தலையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் தனியாக முன்னால் போனான். அதே மூன்று படம்தான், ஒரு கோடுகூட மாறவில்லை. மலருக்கு அந்தப் பக்கம் பிடிக்காது, அதைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். முப்பிடாதிக்கு அன்றைக்குத்தான் கதை பிடித்துப்போனது. அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அழ வைத்தது ஒன்று, ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது மற்றதை.

"போனஸ்!" என்று யாரோ கூவினார்கள். மலர் எதிர்க்களத்தில் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி, மற்றதைத் தூக்கிவிட்டுத் துள்ளி வந்திருந்தாள். ஏழு பேருக்கு நடுவில் தனி ஆளாகப் போய் ஒரு பாயிண்ட். போனஸில் பாயிண்ட்தான் வரும், ஆள் எழும்ப முடியாது, யாரும் எழும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலப்பாளையம் ரிஸ்வானா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள், கட்டத்துக்குள் இருப்பவர்கள் உள்ளே ஆடுபவளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுப்பதாக அம்பயருக்குத் தோன்றினால் எதிரணிக்குப் பாயிண்ட் போய்விடும். "ஒங்க ஊர்க்காரி பயங்கரமா ஆடுதா. அந்தக் குடைக்காரம்மா அவளையே பாத்துட்டிருக்கா பாரு." முப்பிடாதி, "ஆமா, நல்லா ஆடுவா," என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. ஆற்றில் மூச்சுப் பிடித்துப் பழகும்போதும் மலர் நல்லாத்தான் செய்வாள். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவார்கள். ஆனாலும் எப்போதும் மலர்தான் முதலில் எழுவாள், இவள்தான் ஜெயிப்பாள். ஒரு நாள் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தபோது மலர் மூச்சு முட்டாமல், சாவகாசமாக, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு மேலே போனாள். விட்டுக்கொடுத்தாளா? எத்தனை நாளாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்? அதைக் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. ஆற்றில் விட்டுக்கொடுத்தவள் இன்றைக்குக் காலில் பட்டதை மறைத்துவிட்டு நிற்கிறாள். அப்படியென்றால் விளையாட்டுக்குத்தான் விட்டுக்கொடுப்பாளா, நிஜம் என்று வந்தால் அவளும் கெய்தாதானா? அந்தப் பக்கம் பிடிக்காது என்று தள்ளிவிட்டதெல்லாம் நடிப்பா? மூன்று வருஷமாக என் கையைக் கோத்துக்கொண்டு நின்றவள், என்று நினைத்தபோது கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது, அது வருத்தமா ஆத்திரமா என்று பார்க்கப் பொறுமை இல்லாமல் புறங்கையால் துடைத்தாள். படவில்லை. என் காலில் படவில்லை. பட்டிருந்தால் தெரியாமலா போகும்?

வள்ளியூர்க்காரி மறுபடி வந்து மறுபடி வெறுங்கையோடு போனாள். முப்பிடாதி எண்ணவில்லை, ஆனால் பழகிய தலை தானாக எண்ணிக்கொண்டது. ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாயிண்ட் இல்லாமல் திரும்பினால், மூன்றாவது பாட்டில் கட்டாயம் யாரையாவது தொட்டே ஆக வேண்டும், தொடாமல் திரும்பினால் பாடி வந்தவளே அவுட். அந்தப் பாட்டின்போது உள்ளே நிற்பவர்கள் வீரம் காட்டத் தேவையே இல்லை. கிட்டப் போகாமல் விலகிக்கொண்டிருந்தால் போதும், நேரம் அவளைத் தின்றுவிடும். ஊரில் சார் அதைச் சத்தம் போட்டுச் சொல்வார், இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆடுபவளே வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. தனியாகப் பாடிவிட்டு, தனியாகப் பிடிக்கவும் நிற்கிறவளுக்குக் கணக்கு எங்கே நிற்கும்? மலருக்கு எப்போதுமே நிற்காது. அதனால்தான் இரண்டு பேருக்குள் ஒரு ஏற்பாடு. வெளியே இருப்பவள் இரண்டு உள்ளங்கையையும் முழங்கால்மேல் வைத்தால் மூன்றாவது பாட்டு, ஒதுங்கிக்கொள். சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருக்கும், எந்த அம்பயராலும் கண்டுபிடிக்க முடியாது. மலர் பாடப் போனாள், மூச்சுக்குத் திணறியபடி வெறுங்கையோடு திரும்பினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, முழங்காலில் கைகளை ஊன்றி நின்று இரைத்தாள். வள்ளியூர்க்காரி நடுக்கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். கபடி கபடி கபடி. இது மூன்றாவது. அந்தப் பாட்டின் சத்தத்துக்கு மேலாக மலர் தலையை நிமிர்த்தினாள், வரிசையின் வாலைப் பார்த்தாள், முப்பிடாதியைப் பார்த்தாள். புருவம் மட்டும் மேலே போனது. மூணாட்டி?

கை இரண்டும் மடியில் கிடந்தன. முழங்கால் ஒரு சாண் தூரம். அவ்வளவுதான் வேலை, மடியிலிருந்து முழங்காலுக்கு. அவள் முடிவு செய்தாள் என்று சொல்ல முடியாது, முடிவு செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. குடை அசைந்தது. சொளகு சுவரில் சாய்ந்திருந்தது. கெய்தா தலையைத் திருப்பிப் பார்த்தான். பட்டும் கையைத் தூக்காதவளுக்கு நான் எதற்குக் கையை எடுத்து வைக்க வேண்டும்? மலரின் பார்வை இன்னும் அங்கேயே நின்றது, அதை எதிரே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அந்த அளவுக்கு வெள்ளைக் கண் அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே தலையைக் குனிந்துகொண்டாள். காலில் ஏதோ இருப்பதுபோலக் குனிந்து, கைக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகக் கணுக்காலுக்குக் கொண்டுபோனாள், கறுப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருக்கலாம் என்று. விரல் தோலைத் தொட்டது. சுற்றித் தடவினாள். கயிறு இல்லை. கயிறு இருந்த இடத்துக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கீறல், நகம் இழுத்த கீறல், அதன்மேல் புழுதி ஒட்டி, புழுதிக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு. தொட்டவுடன்தான் எரிந்தது. அதுவரைக்கும் எரியவே இல்லை. காலை வீசிய வேகத்தில் வள்ளியூர்க்காரியின் கால் நகம் கயிற்றில் மாட்டி இழுத்திருக்கிறது, கயிறு அறுந்து போயிருக்கிறது, பாட்டின் சூட்டில் இவளுக்குத் தெரியவில்லை. பட்டது எனக்கு. எனக்குத்தான் பட்டது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, நிமிர்ந்து கைகளை முழங்காலுக்குக் கொண்டுபோனபோது அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை. மலர் பதில் வராததால் இது மூன்றாவது இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஒதுங்க வேண்டியவள் பாய்ந்துவிட்டாள். வள்ளியூர்க்காரியின் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மண்ணில் கிடந்தாள், நல்ல பிடிதான், ஊரில் என்றால் யாரும் தப்ப முடியாத பிடி, ஆனால் மேலே விழுந்து அழுத்த இன்னொருத்தி இல்லை. நெட்டைக்காரி அவளை இழுத்துக்கொண்டே ஊர்ந்து விரல் நுனியை நடுக்கோட்டின்மேல் வைத்தாள். விசில். முப்பிடாதியின் உள்ளங்கைகள் முழங்கால்மேல் அப்படியே இருந்தன.

ஆல் அவுட். எல்லோரும் எழுந்து உள்ளே ஓடினார்கள், அவளையும் ரிஸ்வானா கையைப் பிடித்து எழுப்பினாள். சாமியானாவிலிருந்து குடைக்காரம்மாவின் குரல் வந்தது. "அந்த ஒம்பதாம் நம்பரக் கார்னர்ல நிக்கச் சொல்லுங்க. பாதி முடியட்டும்னு பாக்க வேண்டாம், இப்பவே பாப்போம்." ஒன்பதாம் நம்பர் முப்பிடாதி. ஆசைப்பட்ட இடம், இடது மூலை, அதில் மலர் புரண்ட தடம் இன்னும் அழியாமல் கிடந்தது. ரிஸ்வானா பாடப் போனாள். மலர் உடம்பெல்லாம் மண்ணோடு வந்து, மூலையை இவளுக்கு விட்டு, பக்கத்து இடத்தில் நின்றுகொண்டாள். முழங்கை தோல் உரிந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"மூணாவதாட்டி அது? எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு. ஒன்னையப் பாத்தேன், நீ காலப் புடிச்சிட்டுக் குனிஞ்சிருந்த. ரொம்ப வலிக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. அவ நகம் கீறுனத நான் பாத்தேம்லா. அம்பயர் ஒன்னைய வெளிய அனுப்பினப்பமே சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள பாட்டு வந்துட்டு." மலர் டிராயர் இடுப்புப் பட்டைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். வேர்வையில் நனைந்து சுருண்ட கறுப்புக் கயிறு. "இந்தா. அந்து மண்ணுல கெடந்துச்சு. இது இல்லாமப் போனா ஒங்கம்மா ஒன்னையக் கொன்னுபோடுவா."

முப்பிடாதி கயிற்றை வாங்கிக்கொண்டாள். மலர் குனிந்தது இதற்குத்தான். குனிந்து, தடவி, எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பாடப் போயிருக்கிறாள். காட்டிக்கொடுப்பது என்று ஒரு சொல் இருக்கிறது, பெரிய பாவம் என்பார்கள். காட்டாமல் உட்கார்ந்திருந்தே ஒருத்தியைக் கொடுத்துவிடலாம் என்பதற்குச் சொல் இருக்கிறதா? "மலர்," என்றாள். "மூணாவதுன்னு எனக்குத் தெரியும்ட்டி." மலர் எதிர்க்களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ரிஸ்வானா வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். "சரி, போவுது விடு, அதுக்குள்ள கால் எரிஞ்சிருக்கும்," என்று மலர் அவளுக்கான காரணத்தையும் அவளே சொல்லி முடித்துவிட்டு இடது கையை நீட்டினாள், எப்போதும் நீட்டுகிற மாதிரி. முப்பிடாதியின் வலது கையில் கயிறு இருந்தது. கயிற்றோடே கையைக் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அது கசகசவென்று உறுத்தியது. வள்ளியூர்க்காரி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கபடி கபடி கபடி. சாமியானாவில் குடை இவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. மலர் கையை ஒரு முறை அழுத்தினாள். கிட்ட வந்தால் பிடிப்போம் என்று அர்த்தம், சரி என்றால் திருப்பி ஒரு முறை அழுத்த வேண்டும். நெட்டைக் கால் தரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. மலர் இன்னொரு முறை அழுத்தினாள், பதிலுக்குக் காத்திருந்தாள்.